லான் பவுல்ஸ் ஆட வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னின் கிழக்குப் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பவுல்ஸ் கிளப் இருக்கிறது. 7 வருஷமாக அங்கே ஆடுகிறேன். கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் என்னைப் பார்க்கிறவர்கள், "அந்தப் பச்சைப் புல்லில் குனிந்து குனிந்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். 2022 காமன்வெல்த் போட்டியில் இந்தியா இந்த ஆட்டத்தில் தங்கம் வென்றபிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

லான் பவுல்ஸ் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சமதளமான புல்தரை. அதன் ஒரு முனையில் நின்றுகொண்டு முதலில் ஒரு சின்ன வெள்ளை அல்லது மஞ்சள் பந்தை உருட்டிவிடுவார்கள். அதன் பெயர் ஜாக். பிறகு இரண்டு தரப்பும் மாறி மாறிப் பெரிய பந்துகளை, அதாவது பவுல்களை, உருட்டுவார்கள். யாருடைய பவுல் ஜாக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம்.

கோலி ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். ஒரே ஒரு வித்தியாசம்: இந்தப் பவுல் நேராகப் போகாது. வளைந்துதான் போகும். ஆட்டத்தின் அழகும் கஷ்டமும் அங்கேதான் இருக்கின்றன.

மால்களில் பத்து கட்டைகளை அடித்து விழுத்துகிறார்களே, அதுவா?

இல்லை. அது டென்பின் பவுலிங். அங்கே இலக்கை இடித்துத் தள்ள வேண்டும். இங்கே இலக்குக்குப் பக்கத்தில் போய் அமைதியாக நிற்க வேண்டும்.

மைதானம் எவ்வளவு பெரியது?

மைதானத்தை கிரீன் என்பார்கள். ஆடும் திசையில் அதன் நீளம் 31 முதல் 40 மீட்டர். அதைப் பல பாதைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பாதையும் ஒரு ரிங்க். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து ரிங்குகளில் வேறு வேறு ஆட்டங்கள் நடக்கும். கிரீனைச் சுற்றி ஒரு சிறிய பள்ளம் ஓடும். அதை டிட்ச் என்கிறோம்.

புல் என்றதும் உண்மையான புல் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்த வருஷங்களில் விக்டோரியா மாநிலத்தின் பல கிளப்புகள் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டன. இரண்டிலும் ஆடிப் பாருங்கள். எனக்கு உண்மைப் புல்தான் பிடிக்கும். காலையில் பனி காயாதபோது ஒரு வேகம், மத்தியானம் வெயில் ஏறியபின் வேறு வேகம் என்று அது உயிரோடு இருக்கும்.

பவுல் ஏன் வளைகிறது? உள்ளே ஈயம் வைத்திருக்கிறார்களா?

எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. இப்போதைய பவுல்களில் ஈயம் கிடையாது. காரணம் வடிவம். பவுல் முழு உருண்டை அல்ல. ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் சற்று வேறு மாதிரி கடையப்பட்டிருக்கும். அதனால் உருளும்போது ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். இதைத்தான் பயஸ் என்கிறார்கள்.

சின்ன வயதில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா? வேகமாகப் போகும்வரை டயர் நிமிர்ந்து நேராக ஓடும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே திரும்பும், கடைசியில் வட்டமடித்து விழும். பவுலும் அப்படியேதான். கையை விட்டுப் போன முதல் பாதி தூரம் ஏறக்குறைய நேராகப் போகும். பிறகு மெல்லத் திரும்பும். கடைசி சில மீட்டரில், நிற்கப் போகிற நேரத்தில், நன்றாக வளைந்து உள்ளே வரும்.

அதனால் ஜாக்கைக் குறிபார்த்து உருட்டினால் பவுல் ஜாக்குக்குப் போகவே போகாது. ஜாக்கை விட்டு ஒதுங்கி, வெளியே ஒரு புள்ளியைப் பார்த்து உருட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் மனம் இதற்கு ஒப்பாது. கண் ஜாக்கையே தேடும், கையும் அங்கேயே போகும். நம்பி வெளியே அனுப்பிய ஒரு பவுல், தானாகத் திரும்பி வந்து ஜாக்கை உரசிக்கொண்டு நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அடுத்த வாரம் நீங்களே கிளம்பி வருவீர்கள்.

எந்தப் பக்கம் வளையும் என்று எப்படித் தெரியும்?

பவுலின் இரண்டு பக்கமும் வட்டமான முத்திரை இருக்கும். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறிய வட்டம் இருக்கிற பக்கம்தான் பவுல் வளையும். எனவே சிறிய வட்டம் எப்போதும் ஜாக்கின் பக்கம், உள்பக்கம் இருக்க வேண்டும். வலது கைக்காரர் வலப்பக்கமாக வெளியே அனுப்பினால் ஃபோர்ஹேண்ட், இடப்பக்கமாக அனுப்பினால் பேக்ஹேண்ட்.

மாற்றிப் பிடித்துவிட்டால் பவுல் உள்ளே வருவதற்குப் பதில் வெளியே வளைந்து பக்கத்து ரிங்குக்குள் போய்விடும். என் முதல் கிளப் போட்டியில் எனக்கு அது நடந்தது. பக்கத்து ரிங்கில் ஆடிக்கொண்டிருந்தவர் ஜாக்கைச் சுற்றிக் கிடந்த தங்கள் பவுல்களைக் காப்பாற்ற ஓடிவந்து என் பவுலைப் பிடித்து நிறுத்தினார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: மேட்டில், அதாவது நின்று உருட்டுகிற சின்ன விரிப்பில், ஏறியதும் கட்டை விரலால் அந்தச் சிறிய வட்டத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பேன். பிறகுதான் தலையை நிமிர்த்துவேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே இப்படி ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

புள்ளி எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இரு தரப்பும் எல்லாப் பவுல்களையும் உருட்டி முடித்தால் ஒரு எண்ட். ஒரு எண்டில் ஒரு தரப்புக்கு மட்டும்தான் புள்ளி. எதிர்த்தரப்பின் மிக அருகிலுள்ள பவுலைவிட ஜாக்குக்கு நெருக்கமாக உங்கள் பவுல்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. முதல் இரண்டு இடம் உங்களுடையது, மூன்றாவது அவர்களுடையது என்றால் உங்களுக்கு 2. நான்காவதும் ஐந்தாவதும் உங்களுடையதாக இருந்தாலும் கணக்கில் வராது. இந்தப் புள்ளியை ஷாட் என்று சொல்வார்கள்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாவிட்டால் அளப்பார்கள். ஒருவர் முழங்காலிட்டு, ஜாக்குக்கும் பவுலுக்கும் நடுவே அளவு நாடாவை இழுத்துப் பிடிப்பார். பவுலிலோ ஜாக்கிலோ விரல் பட்டுவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. சுற்றி நிற்கிற எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு தாளின் கனத்தில் ஆட்டம் கைமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

எண்டை வென்றவர் அடுத்த எண்டில் ஜாக்கை உருட்டுவார். ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு 4 பவுல், வழக்கமாக 21 ஷாட் எடுத்தவர் வெற்றி. அணி ஆட்டங்களில் இத்தனை எண்ட் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

நாலு பேர் அணியில் யார் என்ன செய்வார்கள்?

ஆளுக்கு 2 பவுல். முதலில் ஆடுகிறவர் லீட். மேட்டை விரிப்பதும், முறை நம் அணியுடையதானால் ஜாக்கை உருட்டுவதும் அவர் வேலை. மேட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டராவது ஜாக் போக வேண்டும். அடுத்தவர் செகண்ட், அதற்கடுத்தவர் தேர்ட். கடைசியாக ஆடுகிறவர் ஸ்கிப், அணியின் தலைவர். மற்றவர்கள் ஆடும்போது அவர் எதிர்முனையில், ஜாக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கே போட வேண்டும் என்று கைகாட்டுவார். அவர் ஆடப் போகும்போது தேர்ட் அந்த இடத்தில் வந்து நிற்பார். அளப்பதும் பெரும்பாலும் தேர்ட்தான்.

புதியவர்களை லீட்டாகப் போடுவது வழக்கம். "ஒன்றும் தெரியாதவன் என்பதால் முதலில் தள்ளிவிட்டார்கள்" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நல்ல லீட் இரண்டு பவுலையும் ஜாக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் மற்ற மூவரின் பாடு பாதியாகக் குறைந்துவிடும். வழியில் வேறு பவுல்கள் இல்லாத வெறும் தரையில், ஜாக்கை மட்டும் பார்த்து ஆடுகிற வாய்ப்பு லீட்டுக்குத்தான் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

குதிகால் இல்லாத தட்டையான செருப்போ ஷூவோ. தரையைக் கீறாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில். பவுல் வேண்டாம், கிளப்பே தரும். ஆஸ்திரேலியாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் "பேர்ஃபுட் பவுல்ஸ்" என்று வெறுங்காலோடு ஆட விடுகிற கிளப்புகள் நிறைய. குடும்பத்தோடு போய் ஒருமுறை ஆடிப் பார்க்க அதுவே போதும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்த வேண்டும் என்ற காலம் மலையேறிவிட்டது. போட்டி ஆடத் தொடங்கினால் கிளப்பின் வண்ணச் சட்டை தேவைப்படும்.

சொந்தமாகப் பவுல் வாங்கலாமா? என்ன சைஸ்?

உடனே வாங்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் கிளப் பவுல்களில் ஆடுங்கள். சைஸ் 00, 0, 1 என்று 5 வரை போகும். இரண்டு கைகளின் கட்டை விரல்களையும் நடுவிரல்களையும் பவுலின் உருளும் பகுதியைச் சுற்றி வையுங்கள். மேலே நடுவிரல்களும் கீழே கட்டை விரல்களும் ஒன்றையொன்று தொட்டால் அது உங்களுக்கு ஏறத்தாழ சரியான சைஸ். பிறகு ஒரு கையில் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்கும்படித் திருப்பிக் கையை வீசுங்கள். நழுவினால் ஒரு சைஸ் குறையுங்கள். பெரிய பவுல்தான் நல்லது என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சொல்வார்கள். கைக்கு அடங்காததை வைத்துக்கொண்டு சிரமப்படுவதில் பயன் இல்லை.

பவுல்கள் 4 கொண்ட செட்டாக வரும். புது செட் 500 டாலரைத் தாண்டலாம். கிளப் அறிவிப்புப் பலகையில் பழைய செட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு மாடலும் வளைகிற அளவு வேறு.

எப்படி நின்று, எப்படி உருட்ட வேண்டும்?

மேட் 60 சென்டிமீட்டர் நீளம், 36 சென்டிமீட்டர் அகலம் கொண்ட சின்ன விரிப்பு. பவுலைக் கைவிடுகிற நேரத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது மேட்டின் மீதோ அதற்கு நேர் மேலேயோ இருக்க வேண்டும்.

ஜாக்கை நோக்கி நிற்காதீர்கள். பவுலை அனுப்பப் போகிற கோட்டை நோக்கிப் பாதங்களை வையுங்கள். அந்தக் கோட்டில் தரையில் ஒரு நிற மாற்றம், எதிர்முனைப் பலகையில் ஒரு எழுத்து என்று ஏதாவது ஒன்றைக் கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். கை பின்னால் போகட்டும், வலது கைக்காரர் இடது காலை முன்னே வைக்கட்டும், முழங்கால் மடியட்டும், கை தரைக்கு அருகே வந்ததும் பவுலை விடுங்கள். "தொம்" என்று விழுகிற சத்தம் கேட்டால் உயரத்திலிருந்து போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். தோசைக்கல்லில் மாவை ஊற்றுகிற மாதிரி கை தாழ வர வேண்டும்.

கோடு சில வாரங்களில் பிடிபடும். தூரத்துக்கு எவ்வளவு வேகம் என்பதுதான் வருஷக்கணக்கில் பழக வேண்டியது. இதை வெயிட் என்பார்கள். என் அனுபவத்தில் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை வெயிட் தப்பியதால் தோற்றவை. சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். ஜாக் அடிபட்டால் பெரும்பாலும் பின்னால்தான் நகரும். பின்னால் கிடக்கிற பவுல் அப்போது உயிர் பெறும். முன்னால் குறைந்து நின்ற பவுல் பெரும்பாலும் நம் ஆட்களுக்கே வழிமறிக்கும்.

"இந்த கிரீன் 14 செகண்ட்" என்கிறார்களே, அது என்ன?

மேட்டிலிருந்து 27 மீட்டர் போய் நிற்க பவுல் எடுத்துக்கொள்கிற நேரம். இங்கே ஒரு விசித்திரம்: எண் கூடினால் கிரீன் வேகமானது. நேரம் அதிகமானால் மெதுவாக அல்லவா இருக்க வேண்டும் என்று குழம்புவோம். மணலில் சைக்கிளை உருட்டிவிட வேண்டுமென்றால் பலமாகத் தள்ள வேண்டும். சட்டென்று போய்ச் சட்டென்று நின்றுவிடும். தார் ரோட்டில் லேசாகத் தள்ளினாலே போதும், மெல்லப் போய்க்கொண்டே இருக்கும். அதே கதைதான். பிரிட்டனில் 10, 12 செகண்ட் கிரீன்கள் சகஜம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 14இலிருந்து 17, 18 வரை போகும். மெல்லப் போகிற பவுலுக்கு வளைய நேரம் அதிகம் என்பதால் வேகமான கிரீனில் இன்னும் வெளியே அனுப்ப வேண்டும். வேறு கிளப்புக்குப் போனால் முதல் இரண்டு எண்ட் இதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும்.

எதிரணியின் பவுலை அடித்துத் தள்ளலாமா?

தாராளமாக. முழு வேகத்தில் விட்டு அடிப்பது டிரைவ். எதிரி நிறைய ஷாட் வைத்திருக்கும்போது வேறு வழியில்லை என்றால் ஸ்கிப் அதைக் கேட்பார். ஆனால் புதியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: முதல் ஒரு வருஷம் டிரைவைத் தொடாதீர்கள். அடிப்பதில் ஒரு கவர்ச்சி உண்டு, பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஜாக்குக்குப் பக்கத்தில் மெல்லக் கொண்டுபோய் நிறுத்துகிற டிரா ஷாட்தான் இந்த ஆட்டம். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். அது வராதவர் எவ்வளவு பலமாக அடித்தாலும் எட்டு எண்டில் ஒரு எண்டைத்தான் காப்பாற்றுவார்.

ஜாக் பள்ளத்தில் விழுந்துவிட்டால்?

ரிங்கின் எல்லைக்குள், எதிர்முனை டிட்ச்சில் விழுந்தால் ஆட்டம் தொடரும். அது கிடக்கிற இடம்தான் இலக்கு. உருண்டு வந்து ஜாக்கைத் தொட்ட பவுலுக்கு டச்சர் என்று பெயர். அதில் சாக்பீஸால் குறி போடுவார்கள். டச்சர் டிட்ச்சில் விழுந்தாலும் கணக்கில் இருக்கும். ஜாக்கைத் தொடாத பவுல் விழுந்தால் செத்தது.

இது வயதானவர்கள் ஆட்டம்தானே?

வயதானவர்களும் ஆட முடிகிற ஆட்டம். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஸ்காட்லாந்தின் ரோஸ்மேரி லென்டன் 72 வயதில் பாரா பவுல்ஸில் தங்கம் வாங்கினார். அதே மைதானத்தில் இருபதுகளில் இருக்கிறவர்களும் ஆடினார்கள். முதுகு வலியால் குனிய முடியாதவர்களுக்கு, நின்றபடியே பவுலைப் பிடித்து உருட்டுகிற நீண்ட கைக்கருவி உண்டு. சக்கர நாற்காலியிலிருந்து ஆடுகிறார்கள். பார்வையற்றவர்களும் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ரிங்கின் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கும். பவுல் எங்கே நின்றது என்பதைக் கடிகார முள்ளை வைத்து, "நாலு மணிப் பக்கம், ஒரு மீட்டர்" என்று துணைக்கு நிற்பவர் சொல்வார்.

வாரநாள் ஆட்டம் ஒன்றில் எங்களுக்கு எதிராக ஒருமுறை ஆடியது ஒரு பாட்டியும் பள்ளி விடுமுறைக்கு வந்த அவர் பேத்தியும். நாங்கள்தான் தோற்றோம்.

கிளப்பில் பார் இருக்கிறதே? குடிக்காதவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் போகலாமா?

நம்மவர்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு உட்கார்ந்து ஏதாவது குடிப்பது இங்கே வழக்கம். எலுமிச்சை சோடா கேட்டால் அதைத்தான் வாங்கித் தருவார்கள். 7 வருஷத்தில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சாப்பாட்டு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிக்காவிட்டாலும் உட்காராமல் போய்விடாதீர்கள். பத்து நிமிஷமாவது இருங்கள். ஆட்டத்தைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த மேஜையில் கற்றது.

நடந்துகொள்ள வேண்டிய முறைகள் ஏதாவது?

தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோரோடும் கைகுலுக்க வேண்டும். ஒருவர் மேட்டில் நிற்கும்போது அவர் பின்னால் அசையாமல் நில்லுங்கள். உங்கள் நிழல் ஜாக்கின் மேல் விழ வேண்டாம். எதிராளி நன்றாகப் போட்டால் "நல்ல பவுல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்தியாவில் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள். கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் கிரீன் இருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடிய வளாகத்தில் கிரீன் அமைத்தார்கள். ராஞ்சியிலும் குவஹாத்தியிலும் ஆட்டக்காரர்கள் உருவானார்கள்.

2022 ஆகஸ்ட் 2. பர்மிங்ஹாம் போட்டியின் பவுல்ஸ் ஆட்டங்கள் லெமிங்டன் ஸ்பா ஊரின் விக்டோரியா பூங்காவில் நடந்தன. பெண்கள் நால்வர் ஆட்டம். லீட் லவ்லி சௌபே, செகண்ட் பிங்கி, தேர்ட் நயன்மோனி சைகியா, ஸ்கிப் ரூபா ராணி திர்க்கி. லவ்லி அப்போது ஜார்க்கண்ட் காவல்துறையில் கான்ஸ்டபிள். பிங்கி அப்போது டெல்லியில் பள்ளி விளையாட்டு ஆசிரியை. நயன்மோனி பளு தூக்குதலிலிருந்து வந்தவர், அப்போது அசாம் வனத்துறையில் வேலை. அரையிறுதியில் நியூசிலாந்தை 16-13 என்று வென்றார்கள். பவுல்ஸ் ஊறிய நாடு அது. இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவோடு 10-10 என்று சமமாக நின்றபிறகு, ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 17-10 என்று முடித்தார்கள். லான் பவுல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கமே தங்கம். அதே போட்டியில் ஆண்கள் நால்வர் அணி வெள்ளி வென்றது. இங்கே இரவில் கண்விழித்து அந்த இறுதியாட்டத்தைப் பார்த்தேன். கடைசி எண்டுகளில் அவர்கள் யாரும் அடிக்கப் போகவில்லை. டிரா, டிரா, டிரா. அதைப் பார்க்கத்தான் புதியவர்களை அனுப்புகிறேன்.

எவ்வளவு நாளில் போட்டி ஆடலாம்?

இங்கே சீசன் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கிளப்புகளுக்கிடையே நடக்கும் லீக் ஆட்டத்துக்குப் பெயர் பென்னன்ட். சனிக்கிழமை ஒன்று, வாரநாளில் ஒன்று. கீழ் டிவிஷன்களுக்கு எப்போதும் ஆள் தேவை. செப்டம்பரில் சேர்ந்தவர் நவம்பரில் பென்னன்ட் ஆடியிருக்கிறார். "இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறேன்" என்று ஒதுங்காதீர்கள். ஆடினால்தான் கற்க முடியும்.

தனியாகப் பயிற்சி செய்வது எப்படி?

ஜாக்கை எடுத்து வையுங்கள். நான்கு பவுலையும் ஃபோர்ஹேண்டில் மட்டும் உருட்டுங்கள். ஜாக்கைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டாம், நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று பாருங்கள். ஜாக்கைவிட ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் பரவாயில்லை, நான்கும் ஒரே இடத்தில் நின்றால் உங்கள் கை ஒரே மாதிரி வேலை செய்கிறது. நடந்து போய், அங்கிருந்து திரும்பப் பேக்ஹேண்டில் நான்கு. அப்புறம் ஜாக்கை இரண்டு மீட்டர் நகர்த்தி மறுபடியும். ஒரு மணி நேரம் இதைச் செய்தால் தொடை வலிக்கும். வாரம் இரண்டு நாள் செய்யுங்கள், ஒரு மாதம் கழித்து என்னிடம் சொல்லுங்கள்.